தன் பாட்டைத் தானே நடிப்பவர்கள்

பழைய ரங்கூனான யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் மின்சாரம் இருக்கும் நேரங்களில் தேநீர்க் கடைத் தொலைக்காட்சிகளில் பாட்டுத்தான் ஓடும். அதில் அடிக்கடி வந்துபோகும் முகங்களில் ஒன்று சாய் சாய் காம் லெங். ஷான் மாநிலத்துத் தவுங்ஜிக்காரர். பாட்டு எழுதுவார், பாடுவார், ராப் சொல்வார், படத்தில் கதாநாயகனாகவும் நடிப்பார். கைப்பேசியில் ஜப்பானியத் தொடர்கள் பார்க்கும் பிள்ளைகள் இன்னும் இரண்டு பெயர் சேர்த்துச் சொல்வார்கள்: ஹோஷினோ கென், ஃபுகுயாமா மசஹாரு. 2016-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் முக்கிய வேடத்தில் நடித்த ஹோஷினோ, அதன் முடிவில் ஒலித்த பாட்டையும் தானே எழுதிப் பாடினார். அந்தப் பாட்டுக்கு ஜப்பானே ஆடியது. ஃபுகுயாமா நாகசாகியில் பிறந்த பாட்டுக்காரர். தொலைக்காட்சியில் துப்புத் துலக்கும் இயற்பியல் பேராசிரியராக நடித்து வீடுவீடாகப் போனவர். 

தமிழில் இப்படி ஒரு ஆள் உண்டா என்று கேட்கும் பிள்ளைக்கு ஹிப்ஹாப் தமிழா ஆதியைக் கைகாட்டிவிடலாம். கேட்டவர் திருப்தியாகிவிடுவார், இது ஏதோ இந்தத் தலைமுறையில் புதிதாக முளைத்த தொழில் என்று நினைத்தும் கொள்வார். ஆனால் அந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா காலத்து ரங்கூனில் கேள்வியே நேர்மாறாக இருந்திருக்கும்: பாடத் தெரியாதவனை எந்த நம்பிக்கையில் மேடையேற்றினார்கள்?

1930-களின் ரங்கூன் பாதிக்கு மேல் இந்தியர்கள் வாழ்ந்த நகரம். 1931 குடிக்கணக்கே அப்படித்தான் சொல்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலியாட்கள் வந்தார்கள், வட்டிக்கடைக்குச் செட்டியார்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே நாடகக் கம்பெனிகளும் வந்தன. இளம் வயது எம்.ஜி.ஆர். அப்படி ஒரு கம்பெனியோடு ரங்கூன் வந்தவர்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த வள்ளி திருமணமும் கோவலனும் இரவு தொடங்கினால் விடிகிற வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியக்காரர் முன்னால் உட்கார்ந்து சுருதியைப் பிடித்துக்கொடுப்பார். கடைசி வரிசையில் வேட்டியை விரித்துப் படுத்திருப்பவனின் காதுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். "ஒன்ஸ்மோர்" என்று கொட்டகை கத்தினால் செத்துக் கிடக்கும் கோவலனும் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டியதுதான். நடிப்பு என்று தனியாக ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. தொண்டைதான் முகம்.

இதில் பர்மியர்களுக்கு வியக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுடைய நாடகமான ஸாட் ப்வேயும் இரவு முழுக்க நடப்பதுதான். அதன் நாயகனான மின்தா ஆடியாக வேண்டும், பாடியாக வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், விடியற்காலையில் அழவும் வைக்க வேண்டும். போ ஸெயின் அந்தக் கலையில் பெயர் சொன்னாலே கூட்டம் கூடிய ஆள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு மொழிகளில் ஒரே விதமான இரவு.

பேசும்படம் வந்தபோதும் இரு மொழிக்காரர்களும் ஒரே ஊருக்குத்தான் போனார்கள். 1931 அக்டோபர் 31-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த முதல் பர்மியப் பேசும்படத்துக்கும் பம்பாய்தான். சென்னையில் 1934 வரை பேசும்படத்துக்கென ஸ்டுடியோவே இல்லை. 'காளிதா'ஸில் ஐம்பது பாட்டுக்கு மேல்; கதை, பாட்டுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நடந்தது. படம் பிடிக்கும்போதே ஒலியையும் பிடித்தாக வேண்டிய காலம் அது. நடிகர் மைக்கின் எல்லைக்குள் நின்று பாட, பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் செடி மறைவிலோ தூண் மறைவிலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். திறந்தவெளியில் எடுத்தபோது காக்கைகள் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்ததால் அவற்றை விரட்டவே ஆள் வைத்திருந்ததாக அந்தக் காலத்து ஸ்டுடியோக் கதை ஒன்று உண்டு. நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

இந்த நெருக்கடியில் யாரைத் தேடுவார்கள்? பாடகரைத்தான். நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா படத்துக்கு வராமலே 1933-இல் 27 வயதில் போய்விட்டார். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'நந்தனா'ரில் ஆண் வேடம் போட ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். எதிரே வேதியராக நின்றவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். முசிறி சுப்பிரமணிய ஐயர் துக்காராம் ஆனார். ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் 'சகுந்தலை'யில் துஷ்யந்தனும் சகுந்தலையுமாக வந்தார்கள். சுந்தராம்பாளைத் தவிர இவர்களெல்லாம் கச்சேரி மேடையிலிருந்து அப்படியே தூக்கி வரப்பட்டவர்கள். பலருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கூட்டத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

ஆனால் பாட்டை எழுதி, மெட்டும் போட்டு, பாடி, நடிக்கவும் செய்தவர் என்று பார்த்தால் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர் பாபநாசம் சிவன். இன்றைக்கு அவர் பெயர் மார்கழிக் கச்சேரியின் கடைசி அரைமணி நேரத்தில்தான் கேட்கிறது. அவர் சினிமாக்காரர் என்றால் சபாவில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1890-இல் போலகத்தில் பிறந்த ராமையா, சிறு வயதில் தகப்பனை இழந்து, அம்மாவோடு திருவனந்தபுரம் போய்ச் சமஸ்கிருதம் படித்து, பிறகு கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு தஞ்சைப் பக்கம் திரிந்தவர். பாபநாசத்தை ஒட்டிய கணபதி அக்ரஹாரத்துக்காரர்கள் திருநீறு பூசிய அந்த உருவத்தைப் பார்த்துச் 'சிவன்' என்று அழைக்க, அதுவே நிலைத்தது. சென்னைக்கு வந்தபின் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை அவர் தலைமையில் நடந்தது. 1934-இல் 'சீதா கல்யாணம்' மூலம் சினிமாவுக்குள் வந்தார்.

இரண்டு ஆண்டில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் 'பக்த குசேலா'வில் குசேலர் வேடத்தை அவருக்கே கொடுத்தார். எஸ்.டி. சுப்புலட்சுமி கிருஷ்ணனாகவும் வந்தார், குசேலர் மனைவியாகவும் வந்தார். ஒட்டிய வயிறு, நெற்றி நிறைய நீறு, எப்போதும் பாட்டு: சிவனுக்கு அதிக ஒப்பனை தேவைப்பட்டிருக்காது. 1939-இல் 'தியாகபூமி' வந்தது. கல்கி ஆனந்த விகடனில் தொடர்கதையாக எழுத, படத்தின் காட்சிகளே அதற்குப் படங்களாக அச்சாயின. அதில் சம்பு சாஸ்திரி சிவன்தான். பஜனை செய்கிற, ஊரார் ஒதுக்கி வைத்தும் தாழ்த்தப்பட்டவர்களிடம் மனம் திறக்கிற ஏழைப் பிராமணர். படத்தின் தேசிய வாடை பிடிக்காமல் பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது. 1943-இல் 'குபேர குசேலா'வில் மறுபடியும் குசேலர்.

மூன்று வேடங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மனிதர். அந்த மனிதர் பாபநாசம் சிவன். வேறு மாதிரி வேடம் கொடுத்திருந்தால் அவரால் முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். தன் பாட்டைத் தானே எழுதுகிறவரைத் திரையில் நிறுத்தினால் கூட்டம் அவரைத்தான் பார்க்க வருகிறது, கதாபாத்திரத்தை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையிலும் இது வரும்.

அப்படியானால் பெயர் யாருக்குப் போனது? எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு. பாகவதர் பாடி நடித்த 'சிவகவி', 'ஹரிதாஸ்' பாட்டுகளை எழுதி மெட்டமைத்தவர் சிவன். வாத்தியக் கோவை ஜி. ராமநாதன். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஊரெல்லாம் அவை 'பாகவதர் பாட்டு' ஆயின. தியேட்டர் வாசலில் அணாக்கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கியவர்களும், ரங்கூன் கடைகளில் இசைத்தட்டு வாங்கியவர்களும் எழுதியவர் பெயரைத் தேடியதாகத் தெரியவில்லை. பாட்டு அதைப் பாடிய தொண்டைக்குச் சொந்தம் என்பதுதான் அந்தக் காலத்துச் சட்டம். அந்தத் தொண்டை ஒரு கொலை வழக்கில் சிறைக்குப் போய் 1947-இல் வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது.

மாற்றியது ஒரு சிறிய தந்திரம். 1938-இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த 'நந்தகுமா'ரில் தேவகியாக நடித்தவருக்குக் குரல் போதவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து வாயசைக்கச் செய்தார் அவர். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணிக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரல். நாயகன் டி.ஆர். மகாலிங்கம் சொந்தக் குரலில்தான் உச்சத்தைத் தொட்டார். ஒரே திரையில் பழைய முறையும் புதிய முறையும் ஜோடியாக நின்று காதல் செய்தன. பிறகு வந்தது குரலுக்கும் முகத்துக்கும் பிரிவினை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடினார். வசனம் பேசத் தெரிந்தால் போதும், வாள் சுழற்றத் தெரிந்தால் போதும். பாட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார். 'பராசக்தி' ரங்கூனில் தொடங்கும் கதை என்பதில் இங்குள்ளவர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் ரங்கூன் கொட்டகைகளில் பாடிப் பிழைத்த நடிகனின் காலத்தை முடித்துவைத்த படங்களில் அதுவும் ஒன்று. அதற்குப்பின் நாவன்மைதான் நாயகன்.

நடுவே சில விலகல்கள் இருந்தன. தூத்துக்குடியில் பிறந்து இலங்கையில் வளர்ந்த சந்திரபாபு தன் பாட்டை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. சௌந்தரராஜனே பட்டினத்தாராகவும் அருணகிரிநாதராகவும் நடித்தார். கவனியுங்கள், இரண்டும் பாட்டு எழுதிப் பாடிய அடியார் வேடங்கள். மலேசியாவிலிருந்து வந்த வாசுதேவன் பாடகராகவும் வில்லனாகவும் இரண்டு கணக்கு வைத்திருந்தார். டி. ராஜேந்தர் கதை, வசனம், பாட்டு, இசை, இயக்கம், நடிப்பு என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்; அவரைக் கிண்டல் செய்வது எளிது, ஆனால் ஒரு முழுத் தலைமுறைக்குத் தன் துக்கத்தைத் தன் சொல்லிலேயே பாடிக் காட்டிய ஒரே ஆள் அவர்தான். இவர்கள் விதிவிலக்குகள். விதி வேறு: எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் ஒருவர்.

அந்த ஆண்டுகளில் இங்கே தமிழர் கூட்டமே சுருங்கிக்கொண்டிருந்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையானபின் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். சென்னைக் கடற்கரையோரம் பர்மா பஜாரும் அத்தோக் கடைகளும் முளைத்தன. நாடகக் கம்பெனிகள் வந்துபோன கப்பல் வழி தேய்ந்தது. மிஞ்சியவர்களுக்குப் பாட்டு என்றால் கேசட். பர்மியர்களின் பாட்டுலகமோ 'காப்பி தச்சின்' பக்கம் சாய்ந்திருந்தது: வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்து, பர்மியச் சொல்லைப் பொருத்திப் பாடுவது. சொல் பொருத்துவதில் பெரும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் மெட்டு யாருடையது என்று கேட்கிற வழக்கம் இல்லை.

இரண்டு இடத்திலும் இதை உடைத்தது ஒன்றே: ராப். நல்ல குரல் வேண்டாம், சங்கீதம் தெரிய வேண்டாம். சொல் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். இன்னொருவருக்காக ராப் எழுதிக் கொடுக்கலாம்தான், ஆனால் 'நான்' என்று தொடங்கி என் தெரு, என் அம்மா, என் ஊர் என்று போகிற பாட்டை வேறொருவர் வாயசைத்தால் பொய் தெரிந்துவிடும். யாங்கோனில் 'ஆசிட்' குழு 2000-இல் வெளியிட்ட தொகுப்பைத்தான் பர்மிய ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அக்குழுவின் ஸேயா தோ பிறகு சிறைக்குப் போனார், நாடாளுமன்றத்துக்கும் போனார், 2022 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், 2021 ஏப்ரலில் தண்டனைச் சட்டத்தின் 505(அ) பிரிவின்கீழ் தேடப்படும் கலைஞர்களின் பட்டியலை அரசு நாளேடுகள் நாள்தோறும் அச்சிட்டபோது, பாடகர், நடிகர், இயக்குநர் என்று பிரித்துப் படிக்கவே முடியவில்லை. முகம் வேறு குரல் வேறாக இருந்த காலத்தில் ஒரு பாட்டுக்காக யாரைப் பிடிப்பது என்று யோசிக்கவாவது வேண்டியிருக்கும்.

தமிழில் ராப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் கோயம்புத்தூர் ஆதியும் அவர் கூட்டாளி ஜீவாவும். யூடியூபில் தொடங்கி, 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு. 2017-இல் ஆதி தானே எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்த 'மீசைய முறுக்கு' வந்தது. இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே பாட்டுக்காரனாக ஆசைப்படும் பையன் கதை. அதாவது ஆதியின் கதை. பிறகு 'நட்பே துணை', 'நான் சிரித்தால்', 'சிவகுமாரின் சபதம்', 'அன்பறிவு', 'வீரன்', 'பி.டி. சார்' என்று வரிசை. இடையில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஹாக்கி ஆடினாலும் பட்டு நெய்தாலும் இடி தாங்கினாலும் திரையில் தெரிவது அதே ஆதிதான்: முறுக்கிய மீசை, அம்மா அப்பா மீது பாசம், தமிழ் என்றால் துடிப்பு. குசேலரும் சம்பு சாஸ்திரியும் எப்படிச் சிவனோ, அப்படி. எண்பது ஆண்டு இடைவெளியில் பக்தி போய்ப் பெருமிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாறியது கணக்கு வழக்கு. சிவன் காலத்தில் பாடுகிறவருக்கு வேடம் தேடி வந்தது, எழுதியவர் மறைவில் நின்றார். இப்போது எழுதி இசையமைத்தவரே பாட்டின் முதலாளி. வேடம் என்பது அந்தப் பாட்டை எடுத்துச் செல்லும் வண்டி. இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைப் பங்கை உறுதி செய்தது. 2017-இல் தன் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தொண்டையா, கையா என்ற பழைய வழக்குதான் அது. 'பாகவதர் பாட்டு' என்று சொல்லிப் பழகிய காதுக்கு அந்த நோட்டீஸ் கசந்தது. மியான்மரிலும் 2019-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்து காப்பி தச்சின்காரர்களை யோசிக்க வைத்தது.

தொண்டைக்கு மதிப்புக் குறைந்ததை மறைக்க வேண்டியதில்லை. சுருதி விலகினால் கணினி சரிசெய்துவிடும். கடைசி வரிசைக்காரன் காதில் இயர்போன் மாட்டியிருக்கிறான். கிட்டப்பா பாடிய அதே உயரத்தில் இன்று யாரும் பாட வேண்டியதில்லை, பாடினால் கேட்க ஆளும் குறைவு. அதற்காக நான் பெருமூச்சு விடப்போவதில்லை. இரவு முழுக்கக் கத்திக் கத்தி முப்பது வயதுக்குள் தேய்ந்த தொண்டைகளின் கதை தெரிந்தவர்கள் அந்தக் காலத்தை அவ்வளவு எளிதாகக் கொண்டாட மாட்டார்கள்.

எனக்கு இருக்கும் ஏக்கம் வேறு. பாட்டுக்காரர் ஒருவர் தன் பாட்டை வீட்டில் வைத்துவிட்டு நடிக்க வந்தால் என்ன ஆகும்? ஃபுகுயாமா அதைச் செய்து காட்டினார். கொரே-எடா இயக்கி, 2013-இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற படத்தில், ஆஸ்பத்திரியில் மாறிப்போன பிள்ளையை ஆறு ஆண்டு வளர்த்த தகப்பன் அவர். பாட்டு இல்லை, கிட்டார் இல்லை, ரசிகைகள் மயங்கும் சிரிப்பும் இல்லை. பிள்ளையிடம் நெருங்கத் தெரியாத, கொஞ்சம் பிடிக்காமலே போகிற ஒரு மனிதர். தமிழில் அதற்குப் பக்கத்தில் போனவர் ஜி.வி. பிரகாஷ்குமார். 2006-இல் 'வெயில்' மூலம் இசையமைப்பாளராகி, 2015-இல் 'டார்லிங்' மூலம் நாயகனானவர். ராஜீவ் மேனனின் 'சர்வம் தாளமயம்' படத்தில் மிருதங்கம் செய்கிறவரின் மகனாக, மிருதங்கம் கற்கத் துடிக்கும் பையனாக நடித்தார். படத்துக்கு இசை அவருடையது அல்ல, அவருடைய தாய்மாமா ஏ.ஆர். ரஹ்மானுடையது. ஓர் இசையமைப்பாளர் இன்னொருவர் இசைக்கு மாணவனாக உட்கார்ந்தார். அதில்தான் அவர் நடிகராகத் தெரிந்தார். அந்தப் படம் முதலில் திரையிடப்பட்டதும் 2018-இல் தோக்கியோ திரைப்பட விழாவில்.

ஆதிக்கு இன்னும் அப்படி ஒரு வேடம் வரவில்லை, அல்லது அவர் அதைத் தேடவில்லை. 2024-இல் வந்த 'கடைசி உலகப் போர்' படத்திலும் எழுத்தும் இயக்கமும் இசையும் நடிப்பும் அவர் கையிலேயே இருந்தன. வேறு ஒருவர் எழுதிய கதையில், வேறு ஒருவர் இசையில், மீசையை எடுத்துவிட்டு அவர் ஒரு படம் செய்தால் தின்கன்ஜூனிலிருந்து முதல் ஆளாகப் பார்ப்பேன், மின்சாரம் இருந்தால்.